கிட்டார் இல்லாத பாட்டு

சென்னை
8.1.2024

அன்புள்ள ஷீபாவுக்கு,

நிலவழகன் எழுதுகிறேன். கவரில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் பெரிய விஷயம். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். வாட்ஸ்அப், இன்ஸ்டா, மெயில், எல்லாக் கதவையும் சாத்திவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்கிற தைரியத்தில் பேனாவை எடுத்திருக்கிறேன். காலேஜ் பரீட்சைக்கு அப்புறம் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

கோடையிடி பேண்டை விட்டு நீ போய் ஏழு மாதம் ஆகிறது. புது டிரம்மர் நல்ல பையன். அடியெல்லாம் சுத்தம். ஆனால் மேடையில் அவனுக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது என் முதுகு எதையோ தேடுகிறது. பதினொரு வருஷம் உன் டிரம்ஸுக்கு முன்னால் நின்று பாடியவன் நான். பழக்கம் லேசில் போகாது.

உன் தனி ஆல்பத்திலிருந்து முதல் பாட்டை யூடியூபில் போட்டிருக்கிறாயே, 'கட்டை', அதைக் கேட்டேன். கலக்கிவிட்டாய் ஷீபா. வெறும் டிரம்ஸை வைத்துக்கொண்டு ஆறு நிமிஷம் ஒருத்தனை உட்கார வைக்க முடியும் என்று நான் நினைக்கவே இல்லை. கடைசியில் வருகிற மரக்கட்டைச் சத்தத்தில் எனக்குப் புல்லரித்தது.

ஒரே ஒரு சந்தேகம். கிட்டார் வாசித்தது யார்? பேட்டியில் நீ, "தோல், இரும்பு, மரம். இந்த ஆல்பத்தில் இவ்வளவுதான். எனக்கு யாருடைய கிட்டாரும் வேண்டாம்" என்று சொன்னதைப் படித்தேன். ஆனால் பாட்டின் நடுவில், சிம்பலை அடித்துவிட்டு அது ஓயும் வரைக்கும் நீ சும்மா இருக்கிறாய் இல்லையா, அந்த இடத்தில் எங்கேயோ தூரத்தில் ஒரு கிட்டார் கேட்கிறது. குறை சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அம்மாவுக்கு என் பொங்கல் வாழ்த்தைச் சொல்.

உன் பழைய நண்பன்,
நிலவழகன்

*

ஆவூர்
18.1.2024

நிலவழகனுக்கு,

'அன்புள்ள' போடவில்லை. கவனித்திருப்பாய், நீதான் எல்லாவற்றையும் கவனிக்கிறவனாயிற்றே.

உன் கவர் ஒட்டின இடத்தில் இரண்டு தடவை பசை தடவியிருந்தது. யார் பிரித்துப் பார்த்தது? தபால்காரரைக் கேட்டால், "எனக்கென்னம்மா தெரியும், வந்தத கொண்டாந்தேன்" என்கிறார். அவரை நம்புகிறேன். உன்னைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. நான் எழுதுவதை ரெங்கராஜ் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மேனேஜர் சார், வணக்கம்.

பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மா விடவில்லை. "யாரு, விராலிமல தம்பியா? பாவம்டி, அது ஒன்னைய என்ன பண்ணுச்சு? நல்லாருக்கியான்னு ஒரு வரி எழுது" என்றார்கள். நீ என்னை என்ன பண்ணினாய் என்று அம்மாவுக்கு விளக்க எனக்கு வராது. உனக்கும் மறந்திருந்தால் சொல்கிறேன்.

'சூளைநெருப்பு' ஆல்பம் வெளியிட்ட அன்று சென்னையில் அந்தப் பெரிய ஹாலில் முதல் பாட்டைப் போட்டார்கள். நம் எல்லோருக்கும் அதுதான் முழு ஆல்பத்தை முதலில் கேட்கிற நேரம் என்றார்கள். நாலு அடி கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் கை இல்லை. ஸ்டுடியோவில் நான் மூன்று வாரம் அடித்ததை எல்லாம் எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் அடியைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்திருந்தார்கள். பல்லவிக்குள் போகும்போது நான் எப்போதும் ஒரு நூல் பின்தங்குவேன். நீதான் அதற்கு 'ஷீபா லேட்' என்று பெயரே வைத்தாய். அந்த லேட் ஒரு பாட்டிலும் இல்லை. அத்தனையும் கடிகாரம் மாதிரி ஓடியது. அட்டையில் மட்டும் டிரம்ஸ், ஷீபா என்று போட்டிருந்தது.

நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். பாட்டு முடிந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து என்ன சொன்னாய்? "கலக்கிட்ட ஷீபா."

அன்றைக்கு சாயங்காலமே திருச்சி பஸ் ஏறிவிட்டேன். அப்புறம் உனக்கு நான் அழுதுகொண்டே அனுப்பிய மெசேஜ் ரசிகர்கள் பக்கத்தில் அப்படியே வந்தது. யார் கொடுத்தார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் நீ சொல்லவில்லை. அதனால்தான் பிளாக்.

இப்போது மறுபடியும் 'கலக்கிவிட்டாய்' என்கிறாய். அந்த வார்த்தை இனி எனக்கு வேண்டாம்.

கிட்டார் எதுவும் இல்லை. உனக்குக் காதில் ஏதோ கோளாறு. டாக்டரைப் பார்.

ஷீபா

*

சென்னை
27.1.2024

அன்புள்ள ஷீபாவுக்கு,

இரண்டு தடவை பசை தடவியது நான்தான். கவர் ஒட்டவில்லை, சாதத்தைத் தேய்த்து ஒட்டினேன். இதைப் போய் உளவுத்துறை வேலை ஆக்கிவிட்டாயே.

அந்த மெசேஜ் விஷயம். என் போனின் பாஸ்வேர்டு அந்த நேரத்தில் பேண்டு ஆபீசில் பாதிப் பேருக்குத் தெரியும். நான் கொடுக்கவில்லை. இதற்கு மேல் எனக்குத் தெரிந்தால் சொல்லமாட்டேனா? ஆல்பம் வெளியீட்டு நாளைப் பற்றி நேரில் பேசலாம். கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை அது.

கிட்டாருக்கு வருகிறேன். டாக்டர் வேண்டாம், என் காது நன்றாகத்தான் இருக்கிறது. அது தார்ப்பாய்ப் பாட்டு. மறந்திருக்க மாட்டாய். விராலிமலையில் அப்பாவின் கடைக்குப் பின்னால், லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற ஷெட்டில், பேண்டு என்று ஒன்று ஆரம்பிப்பதற்கு முன்னால் நாம் இரண்டு பேர் மட்டும் வாசித்துப் பார்த்த முதல் பாட்டு. வார்த்தை இல்லை, பெயர்கூட ஒழுங்காக வைக்கவில்லை. அதன் ரெக்கார்டிங் உன் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது. உன் சிம்பல் ஓய்கிற இடத்தில் அந்தக் கிட்டார்தான் ஓடுகிறது. கூடவே ஒரு மயில் வேறு கத்துகிறது. ஷெட் கூரையில் ஏறி நின்று நம்மோடு போட்டி போடுமே, அந்த மயில்.

நான் சும்மா இருந்திருப்பேன். ரெங்கராஜும் கேட்டுவிட்டார். "பேண்டோட பாட்ட தூக்கிட்டுப் போய் தன் ஆல்பத்துல ஒளிச்சு வச்சிருக்கு" என்று வக்கீலிடம் பேசப் பார்க்கிறார். நான்தான் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். வீம்புக்காக வைத்திருந்தால் எடுத்துவிடு. தெரியாமல் வந்திருந்தால் அதையாவது சொல். உன் நல்லதுக்குத்தான் எழுதுகிறேன்.

நிலவழகன்

*

ஆவூர்
8.2.2024

நிலவழகனுக்கு,

ஒரே பக்கத்தில் 'வக்கீல்' என்றும் எழுதி, 'உன் நல்லதுக்குத்தான்' என்றும் எழுத உன்னால்தான் முடியும். நேராகவே மிரட்டியிருக்கலாம். மயிலைக் கூட்டிக்கொண்டு வந்து மிரட்ட வேண்டியதில்லை.

மயில் உங்கள் விராலிமலைக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததா? எங்கள் கடலைக் கொல்லையில் பாதியைத் தின்கிறதே மயில்தான். நான் ரெக்கார்டிங் செய்தது அண்ணனுடைய கோழிப்பண்ணை ஷெட்டில். கோழியெல்லாம் விற்றாயிற்று, வாசனை மட்டும் இருக்கிறது. சுற்றிலும் கொல்லைதான். மயில் கத்தும், டிராக்டர் போகும். பக்கத்து வீட்டு நல்லதம்பி மாமா, "ஏம்மா, நீ அங்கிட்டு இடிச்சா இங்கிட்டு என் மாடு பால எறக்க மாட்டேங்குது" என்று வாசலில் வந்து நிற்பார். அவர் குரல்கூட எங்கேயாவது விழுந்திருக்கலாம். அதுவும் பேண்டின் சொத்தா என்று ரெங்கராஜைக் கேட்டுச் சொல்.

உனக்கு என்ன வேண்டும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். நான் தனியாக ஒரு பாட்டுப் போட்டு நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அது கோடையிடிக்கு உறுத்துகிறது. 'அவளால் தனியாக முடியாது, நம்ம கிட்டாரைத் திருடித்தான் வைத்திருக்கிறாள்' என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டால் போதும். கதை முடிந்தது. அதற்கு நீ கடிதம் எழுதி என் வாயிலிருந்தே ஒரு வார்த்தை வாங்கப் பார்க்கிறாய்.

வாங்கிக்கொள். என் பாட்டில் ஒரு கம்பிகூட இல்லை. சத்தியமாக எழுதுகிறேன்.

மீதிப் பாட்டுகளை இப்போதைக்கு அடிக்க முடியாது. வருகிற புதன் சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம். "தவக்காலத்துல என் வீட்டுப் பக்கம் டிரம்ஸ் சத்தம் கேக்கப்படாது. ஈஸ்டர் முடியட்டும், அப்பறம் வானத்த வேணாலும் இடி" என்று அம்மா உத்தரவு போட்டுவிட்டார்கள். சாமியார்கூட ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் எங்கள் வீட்டுக்குப் பிஷப்.

உனக்குப் புல்லரித்த மரக்கட்டை எது என்று தெரியுமா? பெரிய வியாழனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் எங்கள் கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள். துக்க நாள். மணிக்குப் பதிலாக ஒரு மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருவைச் சுற்றுவார்கள். சின்ன வயதில் அந்தக் கட்டையைத் தட்ட நான் அடம்பிடித்து அழுதிருக்கிறேன். நான் டிரம்மர் ஆனது உன் ஷெட்டில் இல்லை. அதை நினைவில் வை.

ஷீபா

*

விராலிமலை
18.2.2024

ஷீபாவுக்கு,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். நாலைந்து நாளாக இங்கேதான் இருக்கிறேன். கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். நேற்று ஒரு லாரிக்காரர் என்னை அடையாளம் கண்டுபிடித்து செல்ஃபி எடுத்துவிட்டு, தார்ப்பாய்க்கு விலை குறைக்கச் சொன்னார்.

இன்றைக்கு ஞாயிறு, கடை லீவு. பின்னால் ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். தையல் மிஷின் ஓடவில்லை, ஒரு சத்தமும் இல்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உன் பாட்டை மறுபடியும் போட்டேன். சண்டைக்குச் சாட்சி தேடத்தான் போட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

இந்தத் தடவை நடுவில் கேட்கவில்லை. ஆரம்பத்தில் கேட்டது. உன் முதல் அடி விழுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வெறும் ஷெட் சத்தம் வருகிறது இல்லையா, அதில் ஒரு ஆள் பேசுகிறான். ரொம்ப மெலிசாக. நாலைந்து தடவை திருப்பிப் போட்டேன்.

"ஷீபா, ரெடியா?"

அது என் குரல்.

ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் நான் திரும்பிப் பார்த்துக் கேட்பேன். மேடையில், ஸ்டுடியோவில், ஜெர்மனிக்குக் கச்சேரிக்குப் போனபோது அத்தனை பேருக்கு முன்னால். பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட நீ வாயைத் திறந்து 'ரெடி' என்று சொன்னது கிடையாது. குச்சியை நாலு தட்டுத் தட்டுவாய், அவ்வளவுதான் உன் பதில். இதற்காக எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

ரெங்கராஜிடம் நான் இதைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு இப்போது கோபமும் இல்லை. யாருடைய கிட்டாரும் வேண்டாம் என்று சொன்னவளுடைய பாட்டில் என் குரல் என்ன செய்கிறது? அதை மட்டும் சொல்.

நிலவழகன்

*

ஆவூர்
4.3.2024

நிலவழகனுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே பஸ் ஏறித் திருச்சிக்குப் போனேன். பாட்டை மிக்ஸ் செய்தது அங்கே கார்முகில் என்று ஒரு தம்பி. அவனுடைய ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு, நீ சொன்ன இடத்தைக் கேட்டோம். அவன் என் முகத்தைப் பார்த்து, "அக்கா, யாருக்கா இது?" என்றான். எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அவன் டியூப்லைட்டைப் பார்க்கிறது மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் பொய்ச் சத்தியம் செய்யவில்லை, நம்பு. எனக்குத் தெரியாது. இதை எழுதுவது கேவலமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஆல்பத்தை ஆரம்பித்தபோது வேகம் தவறாமல் இருக்க முதலில் காதில் கிளிக் சத்தத்தை வைத்துத்தான் அடித்துப் பார்த்தேன். 'டிக் டிக்' என்று அது அடிக்க ஆரம்பித்ததும், அந்த ஹாலில் கேட்ட கம்ப்யூட்டர் அடிதான் ஞாபகம் வந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். அப்புறம் காதில் எதுவுமே இல்லாமல் அடித்தேன். வேகம் எகிறுகிறது. நிறுத்த ஆள் இல்லை. நாலு நாள் அடித்து நாலு நாளும் அழித்தேன். தனியாக என்னால் முடியாது போலிருக்கிறது, ரெங்கராஜ் ஜெயித்துவிட்டார் என்று ஷெட்டில் உட்கார்ந்து அழுதேன். லேப்டாப்பில் தார்ப்பாய்ப் பாட்டு இருந்தது. போட்டேன். கை எகிறாமல் தானாகத் தாளத்தில் நின்றது.

உன்மேல் அவ்வளவு ஆத்திரம். உன் கிட்டாரைக் காதில் வைத்துக்கொண்டு, உன்னைத் திட்டிக்கொண்டே அடித்தேன். அது என் காதோடு போய்விடும், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அண்ணனுடைய பழைய ஹெட்போன். பஞ்செல்லாம் பிய்ந்து போனது. டிரம்ஸ் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று ஃபுல் சவுண்டில் வைத்திருந்தேன். தலைக்கு மேலே மைக் தொங்குகிறது. நான் அடிக்காமல் சும்மா இருந்த நேரத்தில் எல்லாம் ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறிவிட்டது. கார்முகில் மிக்ஸ் செய்யும்போது ஷெட்டின் சின்னச் சின்னச் சத்தத்தையும் தூக்கிவிட்டிருக்கிறான், உயிரோட்டமாக இருக்கும் என்று. உன்னையும் சேர்த்துத் தூக்கிவிட்டான். 'ரெடியா' என்று கேட்ட குரலும் அதே ரெக்கார்டிங்கில் இருந்ததுதான், மயிலும் உன்னுடைய மயில்தான். ஒத்துக்கொள்கிறேன்.

பாட்டை யூடியூபிலிருந்து எடுத்துவிட்டேன். சந்தோஷப்படு.

இனி நான் கேட்கிறேன், நீ பதில் சொல்.

ஹெட்போனிலிருந்து கசிந்தது அது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனுக்குக்கூடச் சரியாகக் கேட்காத சத்தம். கார்முகிலுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்கவில்லை, பார்த்த பல ஆயிரம் பேரில் உன்னையும் ரெங்கராஜையும் தவிர ஒருத்தருக்கும் கேட்கவில்லை. ஒரு நூல் சத்தம், அதில் என்ன பாட்டு, எந்தக் கூரையில் நின்ற மயில் என்று வரைக்கும் உன் காதுக்குத் தெரிகிறது. சரி. அப்படிப்பட்ட காதுதானே அன்றைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது? அந்தப் பெரிய ஸ்பீக்கரில், ஒரு முழு ஆல்பத்தில் என் கை இல்லாமல் போனது அந்தக் காதுக்குக் கேட்கவில்லையா?

இத்தனை மாதமாக எனக்கு இரண்டு சந்தேகம் இருந்தது. ஒன்று, நிலவனுக்கு முன்னாலேயே தெரியும், தெரிந்தே கட்டிப்பிடித்தான். இரண்டு, நிலவனுக்கு என் அடிக்கும் மிஷின் அடிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டாவதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. பதினொரு வருஷம் முதுகு காட்டி நின்றவனுக்கு நான் யார் என்றே தெரியவில்லையே என்று. இப்போது நீயே எழுதி எழுதி அந்த இரண்டாவதை அடித்துவிட்டாய்.

நேரில் பேசலாம் என்று சொல்லாதே. கதையெல்லாம் வேண்டாம். 'சூளைநெருப்பு' வெளிவருவதற்கு முன்னால் உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு போஸ்ட் கார்டில் ஒரு வார்த்தை எழுதிப் போடு.

ஷீபா

*

விராலிமலை
20.3.2024

அன்புள்ள ஷீபாவுக்கு,

அப்பாவின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். பார்வை தெளிவாக இருக்கிறது. முதல் வேலையாக என் தலைமுடியைப் பார்த்து, "இதென்னடா இது, வெட்டித் தொலை" என்றார். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. ஹைவேயில் தர்ப்பூசணி குவித்துவிட்டார்கள். கடையில் வேலை அதிகம், அறுப்பு நேரம், நெல் மூட்டைக்குத் தார்ப்பாய் கேட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள்.

ரெங்கராஜ் வந்திருந்தார். உன் பாட்டை நீ எடுத்தாலும் அவர் லேப்டாப்பில் வைத்திருக்கிறார். என் முன்னால் போட்டு, "நீயே கேளு, இது ஒன் கிட்டார்தானே, ஒரு கையெழுத்துப் போடு, மிச்சத்த வக்கீல் பாத்துக்குவாரு" என்றார். நான் முழுக்கக் கேட்டேன். கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே சார். காத்துச் சத்தம், மயிலு, அவ்வளவுதான்" என்றேன். இன்னொரு தடவை போட்டார். அப்போதும் கேட்கவில்லை என்றேன். வாசித்தவனே இல்லை என்று சொன்ன பிறகு அவரால் என்ன செய்ய முடியும்? போய்விட்டார். என்மேல் வருத்தம்தான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இனி அந்தப் பக்கத்திலிருந்து உனக்குத் தொல்லை இருக்காது.

உன் கேள்வியைப் படித்தேன். போஸ்ட் கார்டு வாங்கி வைத்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தேன், அப்பா கடைக்குக் கூப்பிட்டார், போய்விட்டேன். மறுபடியும் உட்கார்ந்தேன்.

இதோடு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். நல்ல ஹெட்போன். காதை முழுசாக மூடும், ஒரு சொட்டு சத்தம் வெளியே கசியாது. நீ எவ்வளவு சவுண்டில் வைத்தாலும் மைக்குக்குத் தெரியாது. காதில் எதை வைத்து அடித்தாலும் இனி யாருக்கும் கேட்காது, எனக்குக்கூட. தார்ப்பாய்ப் பாட்டை வைத்துக்கொள். அது உன்னுடையதும்தான்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். ஈஸ்டர் வாழ்த்து.

நிலவன்

*

ஆவூர்
9.4.2024

அன்புள்ள நிலவா,

பார்சல் வந்தபோது நான் உடனே பிரிக்கவில்லை. இரண்டு நாள் மேஜையில் அப்படியே கிடந்தது. உள்ளே மைக் வைத்திருப்பாயோ என்றுகூட ஒரு யோசனை ஓடியது, சிரிக்காதே. கடைசியில் அம்மாதான் பிரித்தார்கள். "இம்புட்டுப் பெருசா இருக்கு, இத மாட்டுனா தலையில நிக்குமா?" என்று தன் தலையில் மாட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய், மயில் கத்துவது கேட்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்கள். கேட்கவில்லையாம். நல்ல சாமான்தான்.

போஸ்ட் கார்டுக்காகக் காத்திருந்தேன். தபால்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். பெரிய வியாழன் அன்று கோயிலில் மணி நின்றது. மரக்கட்டைச் சத்தம் தெருவில் போனபோது வாசலில் நின்றிருந்தேன். அப்போது எனக்குப் புரிந்தது, கார்டு வராது. ஒற்றை வார்த்தைதான். 'தெரியாது' என்றால் நீ எப்போதோ எழுதியிருப்பாய். சொல்ல முடியாத வார்த்தைக்குப் பதிலாகத்தான் ஹெட்போன் வாங்கி அனுப்பியிருக்கிறாய்.

ஆக, உனக்குத் தெரியும்.

மறுநாள் முழுக்க அழுதேன். பெரிய வெள்ளிக்குக் கோயிலில் அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், அது ஒரு வசதி. கோபம் போகவில்லை. இன்னும் கொஞ்ச நாளைக்குப் போகாது. பேண்டு வளராமல் போய்விடும் என்று பயந்துகொண்டு பேசாமல் இருந்தாயா, நான் தாங்க மாட்டேன் என்று பேசாமல் இருந்தாயா, எனக்குத் தெரியாது. கேட்கவும் போவதில்லை.

ஆனால் ஒன்று. இரண்டு தடவை காது கேட்காதவன் மாதிரி நடித்திருக்கிறாய். ஒரு தடவை அந்த ஹாலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தடவை ரெங்கராஜ் முன்னால் உட்கார்ந்து. முதலாவது என்னை ஊரை விட்டு ஓட வைத்தது. இரண்டாவது என் ஆல்பத்தைக் காப்பாற்றியது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிட்டதா என்று கேட்காதே. ஆகவில்லை. இருந்தாலும் இரண்டாவதை நான் மறக்க மாட்டேன்.

ஈஸ்டர் முடிந்தது. பாஸ்கா நாடகம் பார்க்கவும் தேர் பார்க்கவும் சுற்றுப்பட்டு ஊர் எல்லாம் வந்திருந்தது. கூட்டம் கலைந்து தெரு காலியானதும் ஷெட்டைத் திறந்தேன். கார்முகில் மைக்கோடு வந்தான். 'கட்டை' பாட்டை முதலிலிருந்து மறுபடியும் அடித்தேன். உன் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் அடித்தேன். ஆனால் ஒயரை எதிலும் சொருகவில்லை. அது பாட்டுக்குத் தரையில் கிடந்தது.

காதுக்குள் என் மூச்சு மட்டும் கேட்டது. முதலில் பயமாக இருந்தது. வேகம் எகிறவில்லை என்று சொன்னால் பொய். எகிறியது. அப்புறம் தானே இறங்கியது. பல்லவி மாதிரி வருகிற இடத்தில் வழக்கம்போல ஒரு நூல் பின்தங்கியது. கார்முகில், "சரி பண்ணட்டுமாக்கா, ஒரு நிமிசம்தான்" என்றான். கையை உடைப்பேன் என்றேன். எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. மே மாதம் ஆல்பம் வருகிறது. தோல், இரும்பு, மரம். இந்தத் தடவை நிஜமாகவே அவ்வளவுதான்.

தார்ப்பாய்ப் பாட்டை லேப்டாப்பிலிருந்து எடுத்து பென்டிரைவில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இனி அது உன்னிடமே இருக்கட்டும். என்னிடம் காப்பி இல்லை, நம்பினால் நம்பு.

உன் நம்பரை இன்னும் பிளாக்கிலிருந்து எடுக்கவில்லை. எழுத வேண்டும் என்றால் கடிதம் எழுது. பசையைச் சரியாகத் தடவு.

ஆல்பம் வந்ததும் நீ எப்படியும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதல் அடிக்கு முன்னால் ஏதாவது கேட்கிறதா என்று துருவுவாய். துருவ வேண்டியதில்லை, இந்தத் தடவை நன்றாகவே கேட்கும். குச்சியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஷெட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகவே வாயைத் திறந்து "ரெடி" என்று சொல்லிவிட்டேன். வெட்டிவிடட்டுமா என்றான் கார்முகில். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

அன்புடன்,
ஷீபா